வள்ளித்தாயின் கடல் சாமந்தி

“அது சாகுது அம்மா” என்றார் சேர்மக்கனி.

“எது?”

“கடல் சாமந்தி.”

அம்மா புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“உக்காருங்க அண்ணாச்சி.”

சேர்மக்கனி உட்கார்ந்தார்.

தூத்துக்குடியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கி உண்டு. முன்பு அதில் புண்ணாக்கு மூட்டை அடுக்கியிருந்தார்கள். இப்போது மரகதம் என்ற பெண் அங்கே இருந்தார். ஐம்பது வயது ஆகவில்லை. காவி கட்டவில்லை. திருநீறு கொடுப்பதில்லை. மனசு சரியில்லாதவர்கள் போய் உட்காருவார்கள். கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் சொல்லவும் மாட்டார். ஊரில் அவரைக் கிட்டங்கி அம்மா என்றார்கள்.

சேர்மக்கனிக்கு அவரைவிட இருபது வயது கூட. இருந்தாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். உப்பளத்திலேயே நின்று முதிர்ந்த மனிதர். ஆளைப் பார்க்க வேண்டாம், உப்பு அரித்த பாதத்தைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும்.

“கடல் சாமந்தின்னா எனக்குத் தெரியாதே” என்றார் அம்மா.

“பூ மாதிரி இருக்கும். பூ இல்ல, உயிரு. பாறையில ஒட்டிக்கிட்டு விரல் விரலா ஆடும். வீட்டுல கண்ணாடித் தொட்டியில, உப்புத் தண்ணியில வளக்கோம்.”

தூணோரம் குரூஸ் இருந்தார். வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவர். மனைவியோடு சண்டை போட்டால் கிட்டங்கிக்கு வந்துவிடுவார். அதனால் கடலுக்குப் போகாத நேரமெல்லாம் அங்கேதான் இருப்பார்.

“வலையில வந்தா நாங்க தூக்கி எறிஞ்சிருவோம்” என்றார் குரூஸ். “இவரு அதுக்கு நீல விளக்கு போட்டு, மோட்டார் போட்டு, மறுவீட்டு மாப்பிள்ளை மாதிரி வச்சிருக்காரு.”

“நீரு சும்மா இரும் ஓய்.”

“யாரு வளத்தது?” என்று கேட்டார் அம்மா.

“என் வீட்டுக்காரி.”

வள்ளித்தாய் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்திருந்தது. வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிவிட்டார்கள். வீட்டில் சேர்மக்கனியும் அந்தத் தொட்டியும் மட்டும்.

தொட்டியை வைத்தது மகன் லிங்கதுரை. கப்பலில் வேலை. ஒரு லீவில் வந்தபோது பாறையும் மணலும் போட்டு, பல மாதம் தண்ணீரைப் பழகவிட்டு, அடுத்த லீவில்தான் சாமந்தியையும் இரண்டு கோமாளி மீனையும் கொண்டுவந்து விட்டான். பிறகு கப்பலுக்குப் போய்விட்டான். பார்த்துக்கொண்டது வள்ளித்தாய். காலையில் போனைத் தொட்டி மேல் சாய்த்து வைப்பாள். அவன் எந்தக் கடலில் இருந்தாலும் பேசுவான். அவன் சொல்லச் சொல்ல இவள் செய்வாள்.

“அவ குச்சியில இறால் துண்டு வச்சு நீட்டுவா. விரலால வாங்கிக்கும்” என்றார் சேர்மக்கனி. “அவ கிட்ட வந்தாலே விரியும். அந்த வீட்டுல அவளைத் தெரிஞ்ச உயிரு இனி அது ஒண்ணுதான்.”

“நீங்க?”

சேர்மக்கனி தரையில் கிடந்த புளியங்கொட்டையை விரலால் நகர்த்தினார்.

அம்மா இன்னொரு புளியை எடுத்தார்.

“மகன்கிட்ட கேக்கலாமே.”

“அவன் பேச்சை எடுக்காதீங்க.”

“ஏன்?”

“அவ ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தா. அவன் வரல. வீட்டுக்குக் கொண்டாந்து போட்டோம். அதுக்கும் வரல. மகன் இருக்க, கொள்ளி வச்சது நான்.”

பெற்றவள் சாவுக்கு வராதவனைப் பற்றி நல்லதாகச் சொல்ல எவரிடமும் வார்த்தை இருக்காது.

“போன் போடுதானா?” என்றார் அம்மா.

“தினமும் போடுதான். அவகூடப் பேசுத நேரத்துக்கு. நான் எடுக்கதில்ல.”

“சரி. சாமந்திக்கு என்ன செய்யுதீங்க?”

“என்ன செய்யல? தினமும் இறால் குடுக்கேன். விளக்கைக் கூடுதல் நேரம் எரிய விடுதேன். அது பாறைக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்கிடுது. நான் பிடுங்கி முன்னால வைக்கேன்.”

“எதுக்கு முன்னால?”

“எதுத்த சுவத்துல அவ படம் இருக்கு. அவளைப் பாத்து இருக்கட்டும்னுதான்.”

“அதுக்குக் கண்ணு உண்டா ஓய்?” என்றார் குரூஸ்.

சேர்மக்கனி அவரை முறைத்தார்.

“முன்னால வச்சா இருக்கா?” என்று கேட்டார் அம்மா.

“இல்ல. மெதுவா நகந்து நகந்து திரும்பப் பின்னால போயிருது.”

“அப்ப அதைத் தொடாதீங்க.”

“அவ்வளவுதானா?”

“இன்னைக்கு அவ்வளவுதான்.”

சேர்மக்கனி வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். இதற்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று இருந்தது அவருக்கு.

*

அவர் தொடவில்லை.

சாமந்தி பாறைக்குப் பின்னால் ஒரு பொந்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு நகரவில்லை. ஆனால் விரியவும் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது, உரித்த வெங்காயம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதற்குள் படுத்து உறங்கிப் பழகிய இரண்டு மீனும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. பாயைச் சுருட்டி எடுத்துவிட்ட வீட்டில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி.

தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. சேர்மக்கனி கேனைச் சாய்த்து ஊற்றி மட்டம் வைத்தார்.

போன் அடித்தது. மேஜையில் கிடந்து அதிர்ந்தது. மகன் பெயர் தெரிந்தது.

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போன் ஓய்ந்தது.

*

“சொன்னபடி தொடல. இன்னும் சுருங்கிட்டு” என்றார் சேர்மக்கனி.

அம்மா தலையாட்டினார். அன்று தரையில் கால் நீட்டி மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

“மகன் வரலன்னீங்களே, அதைச் சொல்லுங்க.”

“அன்னைக்கே சொன்னேனே.”

“இன்னொரு தடவை.”

சேர்மக்கனிக்கு அதைச் சொல்வதில் சிரமம் இருந்ததில்லை. மளிகைக் கடையில் சொல்லியிருக்கிறார். சலூனில் சொல்லியிருக்கிறார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார்.

“நெனச்சிருந்தா வந்திருக்கலாம். கப்பல் என்ன நடுக்கடல்லயா நின்னுச்சு? ஏதாவது துறைமுகத்துலதான் நின்னிருக்கும். இறங்கி ஒரு பிளேன்ல ஏறுனா மறுநாள் வீடு. ஏறல. பெத்தவ முகத்தைப் பாக்கணும்னு தோணல அவனுக்கு.”

“போன தடவை துறைமுகம் கிடையாதே” என்றார் குரூஸ்.

“என்ன?”

“இல்ல, போன தடவை நீரு சொல்லும்போது கப்பல் எங்க நிக்குன்னே தெரியாது. இப்பத் துறைமுகத்துக்கு வந்துட்டு.”

“உமக்கு என்னய்யா தெரியும் கப்பலைப் பத்தி? வள்ளக்காரரு.”

“அதுவும் சரிதான்” என்று குரூஸ் பீடியைப் பற்றவைத்தார்.

அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். சேர்மக்கனி அண்ணாந்து குடித்தார்.

“போயிட்டு வாங்க அண்ணாச்சி.”

“நான் கேட்டதுக்குப் பதிலு?”

“நீங்க எதுவும் கேக்கலியே. சொல்லிட்டுத்தான போறீங்க.”

சேர்மக்கனிக்குக் கோபம் வந்தது. இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று வாசலில் இறங்கும்போது நினைத்தார். அவர் அப்படி நினைத்து விலக்கிய வாசல்கள் ஊரில் நிறைய உண்டு. சொன்னால் சொன்னதுதான். ஒரு வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பதற்காக அந்தத் தெருவிலேயே நடக்காத மனிதர் அவர்.

ஆனால் சாமந்தி சுருங்கிக்கொண்டே வந்தது.

*

மூன்றாம் தடவை வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“அடிப்பக்கம் பாறையை விட்டுக் கழலுது அம்மா. காத்துல ஆடுத கந்தல் மாதிரி தண்ணி ஓட்டத்துல ஆடுது.”

குரூஸ் பீடியை அணைத்தார். அன்று அவர் கேலி பேசவில்லை.

“வாடை வருதா ஓய்?”

“இன்னும் இல்ல.”

“வாடை வந்தா உடனே எடுத்து வெளிய போட்டுரும். அது கரைஞ்சுதுன்னா தொட்டி முழுக்க விஷம். மீனு ரெண்டும் போயிரும்.”

“எடுத்துப் போடவா?” என்றார் சேர்மக்கனி. “அவளைத்தான் எடுத்துப் போட்டாச்சு. இதையும் போடவா?”

குரூஸ் அணைத்த பீடியைக் காதில் செருகினார்.

“எல்லாம் அவனாலதான்” என்றார் சேர்மக்கனி. “அங்க சேக்காளிகளோட ஓட்டல்ல உக்காந்து தின்னுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருந்திருப்பான். ஆத்தா செத்துட்டான்னு சேதி போகுது. லீவு கேக்கக்கூட அவனுக்கு மனசு வரல. வேணும்னுதான் வரல. எனக்குத் தெரியும்.”

“ஓட்டலுக்கே வந்துட்டானா” என்று குரூஸ் மெல்லச் சொன்னார்.

இந்தத் தடவை சேர்மக்கனி அவரைத் திட்டவில்லை. காதில் விழாதது மாதிரி இருந்தார். விழுந்திருந்தது.

அம்மா கையில் வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

“தொட்டியில தண்ணி குறையுமா அண்ணாச்சி?”

“குறையும். விளக்குச் சூடு, மேல காத்தாடி. வத்தும்ல.”

“வத்துனா?”

“ஊத்துவேன்.”

“என்ன தண்ணி?”

“கடல் தண்ணிதான். குரூசு கேன்ல கொண்டாந்து குடுப்பாரு. துறைமுகத்துக்கு அப்பால போயி, தெளிஞ்ச தண்ணியா மொண்டுட்டு வருவாரு.”

“அவங்க என்ன தண்ணி ஊத்துவாங்க?”

சேர்மக்கனி கொஞ்சம் தயங்கினார். செத்தவளைக் குறை சொல்ல வேண்டியிருந்தது.

“அவ நல்ல தண்ணி ஊத்துவா. குடிக்க வாங்குத கேன் தண்ணி. கடல்ல கிடக்கதுக்கு நல்ல தண்ணி ஊத்துதாளே, கூறுகெட்டவள்னு நெனச்சுக்கிடுவேன். அவளைச் சொல்லிக் குத்தமில்ல. அவன் சொல்லிக் குடுத்தது அப்படி. அவ போனதும் நான் மாத்திட்டேன்.”

“எப்போ இருந்து?”

“சொந்தக்காரங்க போன மறுநாள்ல இருந்து.”

அம்மா அவர் பாதத்தைப் பார்த்தார்.

“எனக்கு உப்பளமும் தெரியாது. சொல்லுங்க. பாத்தியில தண்ணி வத்துனா என்ன செய்வீங்க?”

இதைக் கேட்டதும் சேர்மக்கனி நிமிர்ந்தார். இதைத் தெரியாமல் ஒருவர் தூத்துக்குடியில் இருக்க முடியுமா என்று ஆச்சரியம்.

“மடையைத் திறந்து விடுவோம். தண்ணி பாயும்.”

“உப்புத் தண்ணியா?”

“பின்ன, நல்ல தண்ணியா பாய்ச்சுவாங்க?”

“அதுவும் வத்துனா?”

“மறுபடி பாய்ச்சுவோம்.”

“அப்புறம்?”

“மறுபடியும் பாய்ச்சுவோம். அவ்வளவுதாம்மா தொழிலு. வெயிலு தண்ணியை மட்டுந்தான் கொண்டு போகும். உப்பு எங்கயும் போகாது. பாய்ச்சப் பாய்ச்ச அடியில…”

அவர் நிறுத்தினார்.

வெளியே ஒரு லாரி பின்னால் போகும் சத்தம் கேட்டது.

தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தார். அந்தக் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் விடுவது. யாரும் சொல்லாமலே அது செய்துவிட்டது. அளத்தில் செய்ததைத் தொட்டியில் செய்துவிட்டது.

“நான்தானய்யா கொண்டாந்து குடுத்தேன்” என்றார் குரூஸ். தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“அவ சரியாத்தான் செஞ்சிருக்கா” என்றார் சேர்மக்கனி.

அதற்கு அடுத்த வாக்கியம் ஒன்று இருந்தது. அவள் சரியாகச் செய்தாள் என்றால், சொல்லிக் கொடுத்தவன் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அது அவர் வாயில் வரவில்லை.

எழுந்தார். துண்டைத் தோளில் போட்டார்.

“போயி நல்ல தண்ணி ஊத்துதேன்.”

“எவ்வளவு?” என்றார் அம்மா.

“நிறைய. ஏறுன உப்பு இறங்கணும்ல. ஒரேயடியா ஊத்திருதேன்.”

“ஒரேயடியா ஊத்தலாமா?”

“அளத்துல மழை கொட்டுனா…” என்று தொடங்கினார். மழை கொட்டினால் உப்பு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். சாமந்தி என்ன ஆகும் என்று தெரியாது. கிழிந்து தொங்கும் உயிர். ஒரு தடவைதான் செய்ய முடியும். தவறினால் மறுதடவை கிடையாது.

“தெரியல அம்மா.”

“யாருக்குத் தெரியும்?”

சேர்மக்கனி சுவரைப் பார்த்தார்.

டவுனில் ஒரு மீன் கடை இருந்தது. அங்கே தங்க மீன்தான் விற்பார்கள். குரூசுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தவள் போய்விட்டாள்.

“யாருக்குத் தெரியும் அண்ணாச்சி?”

“அவன்கிட்ட எப்படி அம்மா பேச? என்னால முடியாது. சாவுக்கு வராதவன்.”

“ஏன் வரலன்னு அவன் என்ன சொன்னான்?”

சேர்மக்கனி வாயைத் திறந்தார்.

துறைமுகம் இருந்தது. பிளேன் இருந்தது. ஓட்டல் இருந்தது, சேக்காளிகள் இருந்தார்கள், சிரிப்பு இருந்தது. எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அதில் மகன் சொன்ன சொல் எது என்று தேடினார். முதலிலிருந்து தேடினார்.



அம்மா காத்திருந்தார்.

“நான் கேக்கல அம்மா.”

அம்மா எழுந்து உள்ளே போனார். குரூஸ் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சேர்மக்கனி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகன் பெயர் மேலேயே இருந்தது. வரிசையாக அவன் பெயர் மட்டும்தான் இருந்தது.

அழுத்தினார்.

மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தார். அப்போது எடுத்தார்கள். பின்னால் இயந்திரச் சத்தம்.

“அப்பா?”

அவர் பேசவில்லை.

“அப்பா, நீங்கதானா?”

“சாமந்தி சுருங்கிட்டு” என்றார் சேர்மக்கனி. “தொட்டியில உப்பு ஏறிட்டு. நான்தான் உப்புத் தண்ணியா ஊத்திட்டேன். நல்ல தண்ணி எவ்வளவு ஊத்த?”

இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ கதவைச் சாத்தினார்கள். சத்தம் குறைந்தது.

“வாய் திறந்து கிடக்கா, மூடியிருக்கா?”

“மூடித்தான் இருக்கு.”

“வாடை?”

“இல்ல.”

“ஒரேயடியா ஊத்திராதீங்கப்பா. தாங்காது. உள்ள இருக்க தண்ணியில ஒரு சொம்பு எடுத்து வெளிய ஊத்துங்க. நல்ல தண்ணி ஒரு சொம்பு மெதுவா விடுங்க. இன்னைக்கு அது போதும். நாளைக்கு ஒண்ணு. பொழைக்குமான்னு சொல்ல முடியாது. அவசரம் மட்டும் வேண்டாம்.”

“சரி.”

“காலையில கூப்பிட்டு அடுத்து என்னன்னு சொல்லுதேன்.” அவன் குரல் உடைந்தது. “எடுப்பீங்களாப்பா?”

சேர்மக்கனி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“ஏல லிங்கம்” என்றார் பிறகு. “அன்னைக்கு நீ எங்கல இருந்த?”